ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளி அனுப்பிவிட, இந்த ஏப்ரலில் என்னிடம் வந்த நான்காவது பெண் இவள். கோத்தகிரிக்கு அப்பால் ஒரு கிராமம். ஸ்வெட்டர் கையை விரல்நுனி வரை இழுத்து மூடிக்கொண்டு அமர்ந்திருந்தாள். அம்மா பிளாஸ்டிக் உறையிலிருந்து டி.சி.யை எடுத்து என் மேசையில் வைத்தார். "ஊர்ப் பள்ளியில் இவள்தான் முதல் மாணவி, மேடம். தேர்வு எழுதித்தான் இந்தப் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இடம் வாங்கினாள். இப்போது பத்தாம் வகுப்பை வேறு எங்காவது படிக்கட்டும் என்கிறார்கள்." கணக்கில் 41 மதிப்பெண். அவள் தோற்கக்கூட இல்லை.

குன்னூரில் மாணவர் ஆலோசகராக இருக்கும் என்னிடம் பெற்றோர் இப்படிப்பட்ட பெண்கள் பள்ளியைப் பற்றிச் சொல்லும் முதல் வாக்கியம் எப்போதும் இதுதான்: "அங்கே நூறு சதவீதத் தேர்ச்சி."

அந்த நூறு எப்படி வருகிறது என்று ஒருமுறையாவது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் 120 பேர் என்று வைத்துக்கொள்வோம். பொதுத்தேர்வு எழுதுவது 98 பேர். அத்தனை பேரும் தேறினால் வாசல் பலகையில் 100 சதவீதம். நடுவில் அனுப்பப்பட்ட 22 பேர் எந்தப் பலகையிலும் இல்லை. அதற்கும் முன்னால், சேர்க்கையின்போதே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத்தானே பொறுக்கி எடுத்தார்கள்? எங்கே படித்தாலும் தேறியிருக்கக்கூடியவர்கள் தேறியதில் பள்ளியின் உழைப்பு எவ்வளவு? நாற்பது வாங்கிய பெண்ணை எழுபதுக்குக் கொண்டுவந்த ஆசிரியை எங்கே இருக்கிறார் என்று தேடுங்கள். அந்தப் பள்ளிக்குப் பலகையே இல்லாமல் இருக்கலாம்.

ஒன்பதாம் வகுப்பில் ஏன் அனுப்புகிறார்கள்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சேர்க்கைக்குத் தேர்வு வைப்பதைத் தடுக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை வெளியேற்றவும் கூடாது என்கிறது. எட்டு முடிந்தால் அந்தப் பாதுகாப்பும் முடிந்தது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கோ, உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பின்படி, இந்தச் சட்டமே பொருந்தாது. மலையில் அப்படிப்பட்ட பெண்கள் பள்ளிகள் உண்டு. சேர்க்கும் முன் உங்கள் பள்ளி எந்த வகை என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் பள்ளியின் பலத்தை நான் மறுக்கவில்லை. பையன்கள் கருவியைப் பிடிக்க, பெண்கள் ஓரமாக நின்று குறிப்பெழுதும் ஆய்வகம் அங்கே கிடையாது. மேடை, மைதானம், மாணவர் தலைமை எல்லாம் அவர்களுடையவை. ஒரே ஆண்டில் நிமிர்ந்து பேசத் தொடங்கிய பெண்களை என் அறையிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆனால் சிறப்பு வகுப்பு ஆறு மணிக்கு முடிந்தால் உங்கள் மகள் எந்த பஸ்ஸில் வருவாள்? பனிமூட்டத்தில், காட்டெருமை நிற்கும் தேயிலைத் தோட்டத்து வழியில் அவளோடு நடப்பது யார்? நவம்பர் மழையில் சாலையில் மண் சரிந்தால்? விண்ணப்பம் வாங்கும் முன் ஒரு நாள் அந்த பஸ்ஸில் நீங்களே போய் வாருங்கள். கழிப்பறையையும் பாருங்கள், போகப் பிடிக்காமல் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காத பிள்ளைகள் சிறுநீர்த் தொற்றோடு மருத்துவரிடம் போகிறார்கள். ஒன்பதில் எத்தனை பேர், பத்தில் எத்தனை பேர், மூன்று ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னால், தயவுசெய்து அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. பதில் வரும்வரை, வீட்டில் அவளை யாரும் திட்ட வேண்டாம்.