மட்டமா, நிலையா?

கோத்தகிரியில் டிசம்பர் மாதக் கீத ஆராதனை ஒன்றைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சரில் விளக்குகள் பச்சையைத் தாண்டவில்லை. அதிலிருந்து ஒயர் போகும், ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸிலோ, ஒலி அளவு மீறினால் எரியும் சிவப்பு அணையவே இல்லை. உதவிக்கு வந்த தம்பியின் கையில் ஒரு தமிழ்க் கையேடு. "மைக் நிலையையும் வரி நிலையையும் சரிபார்க்கவும்" என்று அதில் போட்டிருந்தது. அவன் எழுந்துபோய் மைக் ஸ்டாண்டை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தான்.

"மைக் நிலை சரி அண்ணா. வரி என்றால் ஜி.எஸ்.டி.யா?"

அவன்மேல் தப்பில்லை. கையேடு சொல்ல வந்தது மைக் லெவல், லைன் லெவல். 'லெவல்' வருமிடமெல்லாம் 'நிலை' என்று எழுதுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

'லெவல்' லத்தீன் 'லிபெல்லா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. சிறு துலாக்கோல், கொத்தனாரின் மட்டக் கருவி இரண்டுக்கும் அதே பெயர். தமிழில் 'மட்டு' என்றால் அளவு, எல்லை. அதன் வழி வந்தது மட்டம். சொல்வரலாறு இவ்வளவு போதும்.

'நிலை' கெட்ட சொல்லல்ல, ஆனால் அதற்கு ஏற்கெனவே தலைக்குமேல் வேலை. உடல்நிலை, மனநிலை, வானிலை என்று ஒன்று இருக்கும் விதத்தைச் சொல்லும். வெப்பநிலை அளவைத்தானே சொல்கிறது என்று வாதாடுவார்கள். அது பழகிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும். சிக்னலின் நிலை என்றால் அது வருகிறதா, நின்றுவிட்டதா என்றுதான் எனக்குக் கேட்கிறது. எவ்வளவு உயரம் என்பது அதில் இல்லை. பைக்காரா அணையில் உயர்வது நீர்மட்டம். 'நீர்நிலை உயர்ந்தது' என்று எந்த நிருபரும் எழுதமாட்டார். நீர்நிலை என்றால் குளம், ஏரி.

எங்கள் சரிவுகளில் வீடு கட்டும்போது தண்ணீர் நிரப்பிய டியூபின் ஒரு முனையை மேஸ்திரி பிடிப்பார், மறுமுனையை எதிர் மூலையில் கையாள். உள்ளே குமிழி இருந்தால் தட்டித் தட்டி வெளியேற்றுவார்கள். தண்ணீர் ஆடி ஓய்ந்ததும் இரண்டு பக்கமும் பென்சில் கோடு. இதற்குப் பெயர் மட்டம் பார்ப்பது. இரண்டு ஒலிக்கருவிகளுக்கு நடுவில் நாங்கள் செய்வதும் மட்டம் பார்ப்பதுதான். தொழில்முறை மிக்சரின் மட்டம் பிளஸ் 4 டிபியு, ஏறத்தாழ 1.23 வோல்ட் (டிபியு, டிபிவி இரண்டும் சிக்னல் மட்டத்தை அளக்கும் டெசிபல் அலகுகள்). வீட்டுக் கருவிகளின் மட்டம் மைனஸ் 10 டிபிவி, 0.316 வோல்ட். கிட்டத்தட்ட நான்கு மடங்கு. எங்கள் இன்டர்ஃபேஸின் பின்பக்கச் சுவிட்ச் மைனஸ் 10இல் கிடந்தது, மிக்சர் அனுப்பியது அதற்கு அதிகம். பிளஸ் 4க்குத் தள்ளியதும் சிவப்பு அணைந்தது. மைக் ஸ்டாண்டு பாவம்.

மட்டம் என்றால் தாழ்வு என்ற பொருளும் வருமே என்பார்கள். வரும். 'மட்டமான ஒலி' என்றால் திட்டு, 'ஒலி மட்டம்' என்றால் அளவு. இந்த வேறுபாடு புரியாத தமிழர் எவர்? ஊட்டியில் பிள்ளைகள் ஏறிச் சவாரி போவதும் மட்டக்குதிரைதான், அதை யாரும் இழிவாக நினைப்பதில்லை.

சரி, 'வரி'? அது சாதனத்துக்குச் சாதனம் ஒயரில் போகும் சிக்னலைக் குறிக்கும் 'லைன்'. மைக்கிலிருந்து நேராக வருவது சில மில்லிவோல்ட்தான். மிக்சர் அதைப் பெருக்கி லைன் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. எஸ்டேட் லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு லைன் அந்நியச் சொல்லில்லை. லைன் மட்டம், மைக் மட்டம் என்றே எழுதுங்கள். தூய தமிழ் அன்பர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும். தூய்மைக்காகத் தப்பான சொல்லைப் போடுவதைவிடப் பாதி இரவல் மேல்.

சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்பது 'கெயின்', அதற்கொரு குமிழ் உண்டு. அதே கையேட்டில் அதற்கு 'ஆதாயம்'. "ஆதாயத்தைக் குறைக்கவும்" என்று வாசித்துக் காட்டியதும் மைக் செட் உரிமையாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. பெருக்கி என்று ஆம்ப்ளிஃபையருக்கு எழுதத் தெரிந்தவருக்கு, பெருக்கம் என்று எழுத என்ன தடை? அந்தக் குமிழை ஒருமுறை கையால் திருகிப் பார்த்திருந்தால் ஆதாயம் வந்திருக்காது.

சிவப்பு எரியும்போது அலையின் உச்சி சமமாக நறுக்கப்படுகிறது. அதைக் கையேடு எப்படிச் சொல்கிறது என்று நான் புரட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் 'வெட்டுகிறது' என்கிறோம்.