பொட்டலத்தின் முதுகில் இருக்கும் தேதி

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து சுகோய் போர் விமானம் எழும்பினால் எங்கள் ஊர்க் களத்து மேடு வரைக்கும் அதிரும். 2020 ஜனவரியில் 222-வது படைப்பிரிவு அங்கே வந்ததிலிருந்து பழகிப்போன சத்தம். நெல்லைத் துழாவிக்கொண்டிருக்கும் பக்கத்து வயல்காரர் அண்ணாந்து பார்ப்பார். நான் தணிக்கைத் துறையில் இருந்தவன் என்பதால் ஒவ்வொரு தடவையும் என்னிடம் ஒரே கேள்விதான்: "இது எத்தனை கோடி இருக்கும் சார்?"

ஒரு நாளும் "இதுக்கு வயசு என்ன?" என்று கேட்டதில்லை. சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு மாட்டைக்கூட வாங்காத மனிதர் அவர்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் தணிக்கையில் இருந்தேன், அதில் பாதிக்கு மேல் ராணுவக் கணக்குகள். ஆரம்பத்தில் நானும் விலையையும் எண்ணிக்கையையும் மட்டும்தான் பார்த்தேன். வடக்கே ஒரு உதிரிபாகக் கிடங்கில்தான் புத்தி வந்தது. ஹைட்ராலிக் குழாயில் எண்ணெய் கசியாமல் அடைக்கிற சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள். பேரேட்டில் 400, அலமாரியில் 400. டிக் போட்டுவிட்டேன். கிடங்குப் பொறுப்பில் இருந்த ஹவில்தார் ஒரத்தநாட்டுப் பக்கத்துக்காரர். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் டீ வரவழைத்தார். அப்புறம் மெதுவாக, "சார், முன்பக்கம் பாத்துட்டீங்க. கொஞ்சம் திருப்பியும் பாருங்க" என்றார்.

திருப்பினேன். ரப்பரைப் பதப்படுத்திய காலாண்டும் வருடமும் பொட்டலத்தின் முதுகில் அச்சாகியிருந்தன. சரக்கு கிளம்பி, துறைமுகத்தில் கிடந்து, பரிசோதனையில் கிடந்து, கிடங்குக்கு வந்து சேர்வதற்குள் அதன் ஆயுளில் பாதி போயிருந்தது. மீதிப் பாதி அலமாரியில் போய்க்கொண்டிருந்தது. விலை சரி, எண்ணிக்கை சரி, ரசீது சரி. வளையத்தை விமானத்தில் மாட்டத்தான் முடியாது.

ராணுவத் தளவாடம் எதற்கும் ஒரே வயது என்பது கிடையாது. விமானத்துக்குப் பறந்த மணிக்கணக்கு ஒன்று, ஆண்டுக்கணக்கு ஒன்று, எத்தனை தடவை தரையிறங்கியது என்ற கணக்கு ஒன்று. என்ஜினுக்குத் தனிக் கணக்கு. எது முதலில் முடிகிறதோ அங்கே நிறுத்திப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெடிமருந்தின் கதை வேறு. குண்டை உந்தித் தள்ளுகிற மருந்து பெட்டிக்குள் சும்மா இருக்கும்போதே தானாகச் சிதைந்துகொண்டிருக்கும். சிதைவை மட்டுப்படுத்த ஒரு வேதிப்பொருளைக் கலந்திருப்பார்கள். அதுவும் வருடா வருடம் குறையும், வெயில் கூடினால் இன்னும் வேகமாகக் குறையும். அதனால்தான் சுடாத குண்டையும் அவ்வப்போது ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள்.

ஆயுள் முடிந்தால் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டெல்டாவில் இதைப் புரியவைப்பது சுலபம். குறுவைக்கு ஆடுதுறை 43 வாங்கப் போகிறவர் மூட்டையில் தைத்திருக்கும் நீல அட்டையைப் பார்ப்பார். சான்று விதைக்குப் பரிசோதனை நாளிலிருந்து 9 மாதம் கெடு. கெடு முடிந்தால் முளைப்புத்திறனை மறுபடி சோதித்து, தேறினால் 6 மாதம் நீட்டித்துத் தருவார்கள். சோதிக்காமல் அட்டையை மட்டும் மாற்றினால் அது மோசடி என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ராணுவத்தில் ஆயுள் நீட்டிப்பு என்பதும் அடிப்படையில் இதுதான். ஏ.என்-32 சரக்கு விமானங்களை 25 வருடத்திலிருந்து 40 வருடத்துக்குக் கொண்டுபோக 2009-இல் உக்ரைனோடு ஒப்பந்தம் போட்டார்கள். சிலவற்றை அங்கேயே அனுப்பி, மற்றவற்றைக் கான்பூரில் பிரித்துப் பூட்டுவதாக ஏற்பாடு. திட்டம் போட்டுச் செய்யும் நீட்டிப்பில் தப்பே இல்லை.

என்னை உறுத்துவது இன்னொரு வகை. புதுசு வந்து சேரவில்லை, அதனால் பழசு இருக்கட்டும் என்கிற நீட்டிப்பு. அதை யாரும் ஒரே நாளில் முடிவு செய்வதில்லை. கோப்பு நகராத ஒவ்வொரு மாதமும் அது தானாக நடந்துவிடுகிறது.

மிக்-21 போர் விமானம் நம் படைக்கு வந்தது 1963-இல். அதன் இடத்துக்கென்று இலகு ரகப் போர் விமானத் திட்டம் தொடங்கியது 1983-இல். பிற்பாடு தேஜஸ் என்று பெயர் பெற்ற அந்த விமானம் முதலில் வானில் ஏறியது 2001 ஜனவரி 4. அதன் முதல் படைப்பிரிவு உருவானது 2016-இல். 2025 செப்டம்பர் 25 அன்று இன்னும் 97 தேஜஸ் வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாள் 26-ஆம் தேதி சண்டிகரில் மிக்-21-க்கு விடை கொடுத்தார்கள். 62 வருடம்! அந்த விமானம் விழுந்ததற்கெல்லாம் வயதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பயிற்சி, பறவை, பராமரிப்பு, வானிலை என்று பலதும் உண்டு. ஆனால் 1983-இல் போட்ட கணக்குப்படி நடந்திருந்தால் அதில் ஏறவே தேவைப்பட்டிருக்காத பிள்ளைகள் நிறைய பேர்.

தேஜஸுக்கென்று பெங்களூர் ஆய்வகம் ஒன்றில் செய்யத் தொடங்கிய என்ஜினின் பெயர் காவேரி. 1989-இல் சுமார் 383 கோடி ரூபாய்க்கு அனுமதி. எடை கூடியது, உந்துவிசை போதவில்லை. 2008-இல் தேஜஸிலிருந்து அதைப் பிரித்துவிட்டார்கள். மதிப்பீடு 2,839 கோடிக்குப் போய்விட்டதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை எடுத்துக் காட்டியது. தேஜஸ் இன்று அமெரிக்க என்ஜினில் பறக்கிறது. 2021-இல் ஒப்பந்தமான 83 விமானங்கள் 2024 மார்ச்சிலிருந்து வரத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த அமெரிக்க என்ஜின் தாமதமானதும் அவை தள்ளிப்போக ஒரு காரணம். கர்நாடகத்திலிருந்து காவேரி வந்து சேரவில்லை என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. டெல்டாக்காரனுக்கு அது புதுசா என்ன?

சரி, இதையெல்லாம் யார் கண்காணிக்கிறார்கள்? படைகள் தேவையைச் சொல்லும். பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான கொள்முதல் குழு 'தேவைதான்' என்று ஏற்கும். அப்புறம் விலைப்புள்ளி, கள சோதனை, பேரம், பெரிய தொகையானால் பிரதமர் தலைமையிலான அமைச்சரவைக் குழு. இதெல்லாம் வாங்குவதற்கு முன். வாங்கிய பிறகுதான் எங்கள் துறை. அரசியலமைப்பின் 151-ஆவது பிரிவுப்படி அறிக்கை குடியரசுத் தலைவருக்குப் போய், நாடாளுமன்றத்தில் வைக்கப்படும். அதைப் பொதுக் கணக்குக் குழு எடுத்து விசாரிக்கும். 22 உறுப்பினர்கள், 1967-லிருந்து தலைவர் எதிர்க்கட்சிக்காரர்.

ஏட்டில் பார்த்தால் பலமான அமைப்பு. ஆனால் இதில் ஒரு கோணல் இருக்கிறது. தப்பாக வாங்கியவரைப் பிடிக்க இத்தனை கண்கள். வாங்காமல் விட்டவரைக் கேட்க அநேகமாக ஒருவரும் இல்லை. 1986-இல் 1,437 கோடிக்கு போஃபர்ஸ் பீரங்கி ஒப்பந்தம். அதில் லஞ்சம் என்ற புகாருக்கு நடுவே 1989-இல் தணிக்கை அறிக்கை வந்து நாடே அமளிப்பட்டது. கேள்வி கேட்டது சரிதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த ரகத்தில் அடுத்த பீரங்கிக்கு, 145 எம்-777-களுக்கு, ஒப்பந்தம் போட 2016 நவம்பர் வரை ஆனது. நடுவில் கார்கிலில் கைகொடுத்தது அதே போஃபர்ஸ்தான். லஞ்சப் பழிக்குப் பயந்து பேனாவை மூடியவர்களால் ஒரு தலைமுறை பழைய பீரங்கியோடு ஓடியது.

என் பங்கும் உண்டு. ஒரு பேட்டரிக் கொள்முதலில் ஒரே ஒரு நிறுவனத்திடம் மட்டும் விலை கேட்டிருந்தார்கள். தணிக்கைத் தடை எழுதினேன். நியாயமான தடை, இன்றைக்கும் எழுதுவேன். கோப்பு கிட்டத்தட்ட மூன்று வருடம் நின்றது. அவ்வளவு நாளும் காலக்கெடு தாண்டிய பழைய பேட்டரிகளே ஓடின. மறுவருடம் அதே இடத்துக்குப் போனபோது ஒரு ஜே.சி.ஓ. (இளநிலை அதிகாரி) என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார், வேறெதுவும் பேசவில்லை. என் குறிப்பில் பத்துப் பத்தி இருந்தன. 'அதுவரை எதை வைத்துச் சமாளிப்பார்கள்?' என்று ஒரு வரி இல்லை.

பின்னாளில் துறை அந்த மாதிரி வரிகளையும் எழுதியது. வெடிமருந்து இருப்பைப் பற்றி 2015-இலும் 2017-இலும் வந்த அறிக்கைகளைத் தேடிப் படியுங்கள். 40 நாள் போருக்குத் தாங்கும் இருப்பு வேண்டும் என்பது விதி. 2016 செப்டம்பரில் 152 வகையில் 61 வகை 10 நாளுக்குக்கூடக் காணாது. 2020 பிப்ரவரியில் வைத்த அறிக்கையில் சியாச்சின் வீரர்களின் பூட்ஸ் வருகிறது. 2015 நவம்பரிலிருந்து 2016 செப்டம்பர் வரை புது பூட்ஸ் கொடுக்க முடியாமல், இருந்ததையே மறுபடி செப்பனிட்டுப் போட்டிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் புல்காவ் வெடிமருந்துக் கிடங்கு எரிந்தது 2016 மே 31. 19 பேர் இறந்தார்கள். குறைபாடுள்ளவை என்று ஏற்கெனவே தெரிந்திருந்த கண்ணிவெடிகள் அங்கே குவிந்திருந்தன. வாங்குவதற்குப் பத்துக் கையெழுத்து வேண்டும் என்றால், கழித்துக்கட்ட இருபது வேண்டும்.

வயது என்றால் பெரிய சாமான்களின் வயது மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 2015 ஜூன் 8 ராத்திரி, கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் ஒன்று மூன்று பேரோடு நம் காரைக்கால் கடலுக்கு அப்பால் மறைந்தது. அது பழைய விமானம் அல்ல, படைக்கு வந்து ஒரு வருடம்தான். கறுப்புப் பெட்டியோடு இருக்கும் ஒலிக் கருவி தண்ணீருக்குள் விடாமல் சத்தம் கொடுக்கும். அதன் பேட்டரிக்கு உத்தரவாதம் சுமார் 30 நாள். ஜூலை முதல் வாரத்தில், கெடு முடியப்போகிற நேரத்தில், கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் அந்தச் சத்தத்தைப் பிடித்தது. பிச்சாவரத்துக்குக் கிழக்கே ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து பெட்டியை எடுத்தார்கள். இன்னும் சில நாள் போயிருந்தால் அந்த மூன்று வீட்டுக்கும் பதில் என்று ஒன்று கிடைத்திருக்குமோ என்னவோ. உலக அளவில் இப்போது அந்த 30 நாள் 90 ஆகியிருக்கிறது.

"எல்லாம் ரகசியம், நாம் கேட்டால் சொல்லவா போகிறார்கள்?" என்று கேட்பீர்கள். ஓரளவு உண்மைதான். தகவல் உரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு பாதுகாப்பு விஷயங்களுக்கு விலக்குத் தருகிறது. நாடாளுமன்றத்தில் வைத்த பிறகும் சில பாதுகாப்புத் தணிக்கை அறிக்கைகளை எங்கள் துறை இணையத்தில் ஏற்றாமல் விட்டதுண்டு. எதிரி படிப்பான் என்பது காரணம். அதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். எத்தனை குண்டு இருக்கிறது என்பது ரகசியம், சரி. கெடு தாண்டியதை யார் சோதித்து நீட்டித்தார்கள் என்பது ஏன் ரகசியம்?

நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவின் மானியக் கோரிக்கை அறிக்கை வருடா வருடம் வருகிறது, எவரும் படிக்கலாம். 2025-26-இல் பாதுகாப்புக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி, அதில் தளவாடம் வாங்குவது போன்ற மூலதனச் செலவுக்கு 1.80 லட்சம் கோடி. மக்களவையில் எழுத்துமூலம் வரும் பதில்களும் பொதுவில் இருக்கின்றன. தஞ்சாவூர், திருச்சி, நாகை, மயிலாடுதுறை என்று நமக்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தூர் வாரக் கேட்டு மனு கொடுக்கப் போகும்போது இன்னொரு தாளும் கொடுக்கலாம்: இன்ன தளவாடத்துக்கு முதலில் விதித்த ஆயுள் எவ்வளவு, எத்தனை முறை நீட்டித்தார்கள், மாற்று வரவேண்டிய தேதி எது, எத்தனை முறை அது தள்ளிப்போனது. கையிருப்பைக் கேட்காமல் தேதிகளை மட்டும் கேட்டால் ரகசியம் என்று தட்டிக்கழிப்பது கொஞ்சம் கஷ்டம்.

பக்கத்து வயல்காரரின் பேரன் ராணுவத்தில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்திருந்தபோது, போடுகிற குண்டு துளைக்காத சட்டையின் உள்பக்கம் ஒரு சீட்டு இருக்கும், அதில் தேதி இருக்கும், போனதும் பார் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த விடுமுறையில் வந்தான். "பாத்தேன் தாத்தா, இருக்கு" என்றான்.

"என்ன தேதி?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது தாத்தா" என்று சிரித்தான்.