ஐந்து டிகிரி கூடுதல் சாய்வு

கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் ரெயின்போ கேன்யன் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. போர் விமானங்கள் அதற்குள்ளேயே புகுந்து பறந்ததால், விளிம்பில் நிற்பவர்கள் விமானத்தின் முதுகைக் குனிந்து பார்த்தார்கள். 2019 ஜூலை 31 அன்று, பயிற்சிக்கு வந்த அமெரிக்கக் கடற்படையின் சூப்பர் ஹார்னெட் போர் விமானம் ஒன்று பாறைச் சுவரில் மோதியது. விமானி இறந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஏழு பேருக்குக் காயம்.

சரி, இவ்வளவு தாழப் பறப்பானேன்? ரேடாருக்குத் தப்பத்தான். ரேடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது, பூமியோ வளைந்திருக்கிறது. 10,000 மீட்டர் உயரத்தில் வரும் விமானம் தரை ரேடாரின் கண்ணில் 400 கி.மீ. தொலைவிலேயே படக்கூடும். 75 மீட்டரில் வந்தால் 35 கி.மீ. நெருங்கும்வரை தெரியாது.

ஆபத்து பெரும்பாலும் திருப்பத்தில் இருக்கிறது. விமானம் திரும்ப வேண்டுமானால் சாய வேண்டும். இறக்கைகளின் தூக்குவிசையும் கூடவே சாயும். அதில் ஒரு பங்கு எடையைத் தாங்க, இன்னொரு பங்கு பக்கவாட்டில் இழுத்துத் திருப்பும். சாய்வு கூடக் கூடத் தாங்கும் பங்கு குறைவதால், விமானி விசையைக் கூட்டுகிறார். 60 டிகிரி சாய்வில் உயரம் குறையாமலிருக்க எடையைப் போல 2 மடங்கு விசை, அதாவது 2ஜி வேண்டும். 75.5 டிகிரியில் 4ஜி.

இப்போது அந்த 4ஜி திருப்பத்தில் சாய்வு ஐந்தே டிகிரி கூடிவிட்டது என்று வையுங்கள். தாங்கும் பங்கு எடையில் மூன்றில் இரண்டாகச் சுருங்கி, விமானம் கீழே நழுவத் தொடங்கும். முதல் வினாடியில் ஒன்றரை மீட்டர் சொச்சம்தான். மூன்றாவது வினாடி முடிவில் 15 மீட்டர். ஏழு வினாடிக்குள் 75 மீட்டரும் தீர்ந்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால், உடல் எச்சரிக்காது. விசை அதே 4ஜி, இருக்கையின் அழுத்தமும் அதேதான். விமானியின் பார்வையோ திரும்பும் பக்கத்தில். 2ஜி திருப்பத்தில் இதே சரிவு வருவதற்குப் பத்து டிகிரி தவற வேண்டும். இறுக்கித் திரும்பத் திரும்ப, சின்னத் தவறே போதும்.

பள்ளத்தாக்குக்குள் வேகமும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். மலைப்பாதையில் பஸ் ஓட்டுபவர் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது சும்மா அல்ல. திருப்பத்தின் ஆரம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. மணிக்கு 720 கி.மீ. வேகத்தில் 4ஜி திருப்பத்துக்கு ஆரம் சுமார் 1,050 மீட்டர். வேகம் 864 ஆனால் 1,500 மீட்டர். பாறை நகர்ந்து இடம் கொடுக்காது. தரையிலிருந்து உயரத்தை அளந்து சொல்லும் ரேடார் உயரமானி இருக்கிறதே என்றால், அது பார்ப்பது கீழே, எதிரே அல்ல. ஆபத்தில் விமானியை வெளியே எறியும் இருக்கையும் சாய்ந்த விமானத்திலிருந்து பக்கவாட்டில்தான் எறியும்.

விபத்துக்குப் பின் அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்புக்கு மேலே 1,500 அடி என்று கீழ் எல்லை வைத்துவிட்டார்கள். அங்கே விமானம் பார்க்கப் போகிறவர்கள் இப்போது அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.