வயதான முயலுக்குத் துணை வாங்கும் முன்

தண்டையார்பேட்டையிலிருந்து கொண்டுவந்தார்கள். ஏழு வயது ஆண் முயல். காது மடல் கிழிந்து, அடிவயிற்றில் ஆழமான கடிக்காயம். முந்தின நாள் சந்தையில் இன்னொரு முயலை வாங்கி, "பாவம், தனியா கிடக்குதே" என்று அன்று இரவே அதே கூண்டில் விட்டிருக்கிறார்கள். இந்த மாதிரிக் காயங்களுக்குத் தையல் போட்டுப் போட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

"முயல் சாதுதானே டாக்டர், அது எப்படிக் கடிக்கும்?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிறார்கள். கடிக்கும். நம்மைக் கண்டு ஒடுங்குவதால் அது சாது என்று நினைத்துக்கொள்கிறோம். தன் இனத்திடம் அது அப்படி இல்லை. முயல்கள் கூட்டமாக வாழ்பவைதான், ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இடத்துக்காகவும் இணைக்காகவும் அடித்துக்கொள்ளும். உங்கள் முயல் தாடையைக் கூண்டிலும் கட்டில் காலிலும் தேய்ப்பது கொஞ்சலுக்காக அல்ல, "இது என் இடம்" என்று வாசனை வைக்கிறது. வருஷக்கணக்காகத் தனியாக ஆண்ட அந்த இடத்தில் புதிய முயலை விட்டால் அது துணை ஆகாது, அத்துமீறி நுழைந்த எதிரிதான். குட்டியாக வாங்கினால் அடங்கிப் போகும் என்பதும் தப்பு. நாலைந்து மாதத்தில் பருவத்துக்கு வந்ததும் அதுவும் மல்லுக்கு நிற்கும். மூட்டு தேய்ந்த கிழட்டு முயலால் தப்பி ஓடக்கூட முடியாது.

அதற்கும் முன்னால் ஒன்று. மூலையில் சுருண்டு கிடப்பது தனிமையால்தான் என்று யார் சொன்னது? கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து நாக்கைக் குத்தினாலும், மூட்டு வலித்தாலும் அப்படித்தான் கிடக்கும். முதலில் பெரியதை, அதாவது வயதான முயலைப் பரிசோதிக்கக் கொண்டுவாருங்கள். பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தானே.

சரி, உண்மையிலேயே துணை வேண்டுமென்றால், புதியதை இரண்டு வாரமாவது வேறு அறையில் வையுங்கள். சொறி, தும்மல் எல்லாம் அதற்குள் வெளியே வரும். "ரெண்டும் பெண்ணுதான்" என்ற கடைக்காரர் வார்த்தையை நம்பாதீர்கள், ஒன்று ஆணாக இருந்துவிட்டால் ஒரே மாதத்தில் குட்டி போட்டுவிடும். கருத்தடை ஆபரேஷன் செய்த ஆணும் பெண்ணும்தான் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆணுக்கு ஆபரேஷன் முடிந்தாலும் நாலு முதல் ஆறு வாரம் வரை பெண்ணைச் சினையாக்க முடியும். அதுவரை சேர்க்காதீர்கள். வயதானதற்கு மயக்க மருந்து தாங்குமா என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் கூண்டுகளைப் பக்கத்தில் வையுங்கள், ஒட்டி வேண்டாம், கம்பி வழியாகவே மூக்கைக் கடித்துவிடும். விரிப்புத் துணிகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். இரண்டும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நிம்மதியாகத் தின்று படுக்க ஆரம்பித்தால், பெரியது காலே வைக்காத ஒரு தரையில் சில நிமிஷம் விடுங்கள். குளியலறை போதும், வழுக்காமல் பாய் விரியுங்கள். மொட்டை மாடி வேண்டவே வேண்டாம், நம் ஊர் வெயில் முயலைக் கொன்றுவிடும். லேசாகத் துரத்துவதும் மேலே ஏறுவதும் சகஜம். வாலைத் தூக்கிக்கொண்டு ஒன்றையொன்று வட்டமடித்தால் உடனே துண்டைப் போட்டுப் பிரித்துவிடுங்கள், வெறுங்கையை விடாதீர்கள்.

மாதக்கணக்கில் ஆகலாம். ஒத்தே வராமலும் போகலாம். அப்படியானால் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் இருக்கட்டும், கட்டாயப்படுத்த வேண்டாம். தயவுசெய்து ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பெரியது பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால், காலையில் பார்க்கலாம் என்று விடாமல் அப்போதே தூக்கிக்கொண்டு வாருங்கள்.