லைன் இல்லை என்றால், எந்த லைன்?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு கணினிக் கடை வைத்திருக்கிறேன். லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான் என்னும் குடியிருப்புகளிலிருந்தும் கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் சொல்வது, "தம்பி, லைன் இல்ல." எங்கள் பக்கம் ஒரு காலத்தில் லைன் என்றால் லயத்து வீடு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. இப்போது கோபுரத்திலிருந்து வருவதும் லைன், வீட்டு வைஃபையும் லைன், யூடியூப் சுற்றிக்கொண்டே நின்றால் அதுவும் லைன்தான். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு அக்கா ஐந்தாம் படிவம் படிக்கும் மகனின் மேசைக் கணினியைக் கொண்டுவந்தார். வேறொரு கடையில் 80 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு ஃபார்மட் செய்து, அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பையனின் பாடக் குறிப்புகள் எல்லாம் போய்விட்டன. அந்தக் கடையில் நன்றாக ஓடியதாம். வீட்டில் மறுநாள் போட்டால் பழைய கதை. வைஃபை இணைந்திருக்கிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை, "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று எச்சரிக்கை வருகிறது. நான் திரையின் மூலையைப் பார்த்தேன். தேதி பல வருடம் பின்னால் இருந்தது.

கணினிக்குள் இருக்கும் முக்கியப் பலகையான மதர்போர்டில் 20 காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று பெயர். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். ஒவ்வொரு தளமும் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். கணினி தன்னைப் பழைய வருடத்தில் இருப்பதாக நினைத்தால், அந்தச் சான்றிதழை நம்பாமல் கதவைச் சாத்திவிடும். இந்த அக்கா இடிக்குப் பயந்து தினமும் இரவில் சுவரிலேயே சுவிட்சை அணைப்பவர். நல்ல பழக்கம்தான். ஆனால் செத்த பேட்டரியோடு சுவிட்சையும் அணைத்தால், காலையில் கடிகாரம் பின்னோக்கிப் போய்விடுகிறது. ஃபார்மட் செய்த கடையில் யாரோ தேதியைச் சரிசெய்திருப்பார்கள், மின்சாரமும் விடாமல் இருந்திருக்கும், அதனால் ஓடியது. பேட்டரிக்குச் சில வெள்ளிதான். ஃபார்மட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் நான் எல்லோரிடமும் கேட்பது: கணினி இருக்கும் அதே இடத்தில் கைப்பேசியை வைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை அணைக்க மறந்துவிட்டு "ஃபோன்ல வருது" என்று சொல்பவர்கள் ஏராளம். கைப்பேசியிலும் வரவில்லை என்றால் கணினியைத் தொடவே வேண்டாம், என்னிடம் கொண்டுவரவும் வேண்டாம். வெளியிலிருந்து ஒளிக் கேபிள் வந்து சேரும் ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளியே வரவில்லை என்று அர்த்தம். கேபிள் எங்கோ அறுந்திருக்கலாம் அல்லது வீட்டுக்குள்ளேயே மடிந்திருக்கலாம். நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும். சிவப்பு இல்லையென்றால் பெட்டியின் மின்சாரத்தை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் மட்டும் ஊசியை விடாதீர்கள். அது மொத்த அமைப்பையும் அழிக்கும் பொத்தான். நிறுவனம் கொடுத்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் போய், இருந்த கொஞ்ச லைனும் போய்விடும்.

கைப்பேசியில் வருகிறது, கணினியில் இல்லை என்றால் அப்போது கணினியைப் பார்க்கலாம். வைஃபை பெயரே தெரியவில்லையா? விமானப் பயன்முறை தவறுதலாக விழுந்திருக்கும், இல்லாவிட்டால் டிரைவர், அதாவது வைஃபை பாகத்தை இயக்கும் மென்பொருள், கோளாறு. பெயர் தெரிந்தும் இணையவில்லையா? அந்தப் பெயரை 'மறந்துவிடு' என்று அழித்து, கடவுச்சொல்லை மறுபடி போடுங்கள். இணைந்தும் ஒன்றும் வரவில்லையா? இணைப்பு விவரத்தில் ஐபிவி4 முகவரியை, அதாவது வீட்டு இணைப்பில் கணினிக்குக் கிடைத்த எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரௌட்டர் (வைஃபை தரும் பெட்டி) கணினிக்கு முகவரி கொடுக்கவில்லை, கணினி தானே ஒன்றை இட்டுக்கொண்டது. இரண்டையும் அணைத்துப் போட்டாலே பெரும்பாலும் சரியாகும்.

அப்புறம், இருக்கிறது ஆனால் மெதுவாக இருக்கிறது என்ற புகார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ரௌட்டர் இரும்புப் பீரோவுக்குள் இருக்கும், பிள்ளைகள் கை வைக்கக் கூடாதாம். அல்லது மீன் தொட்டிக்குப் பின்னால். இரும்பு அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் குடித்துவிடும். லயத்து வீடுகள் நீளவாக்கில் போகும். முன் கூடத்தில் ரௌட்டர், பின்னால் தகரம் அடித்து இழுத்த அறையில் கணினி என்றால், வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அங்கே போய்ச் சேராது. 2.4 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள், வேகம் குறைந்தாலும் தூரம் போகும். ஒட்டிய வீடுகளில் எல்லோரும் அதிலேயே இருப்பதால் நெரிசல் உண்டு. ரௌட்டர் அமைப்பில் அந்த அலைவரிசைக்குள் 1, 6, 11 என்ற மூன்று சேனல்களில் (தனித்தனிப் பாதைகளில்) காலியாக இருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். மேசைக் கணினியின் பின்னால் செருகிய யுஎஸ்பி வைஃபைக்குக் கணினியின் இரும்புப் பெட்டியே தடை. ஒரு நீட்டிப்புக் கேபிள் போட்டு மேசைமேல் வையுங்கள். என்னைக் கேட்டால், நகராத கணினிக்கு வைஃபையே எதற்கு? ரௌட்டரையும் கணினியையும் நேராக இணைக்கும் லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும், ஆணி அடித்து ஓரமாக இழுத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஃபைபர் எட்டாத தோட்ட வீடுகளில் சிம் போட்ட 4ஜி ரௌட்டர்தான் கதி. அதைச் செம்பனை மறைக்காத சன்னலோரத்தில், முடிந்த அளவு உயரத்தில் வையுங்கள்; மட்டைகளும் ஈரமும் அலையை நன்றாகவே உறிஞ்சும். போன வாரம் ஒரு பெரியவர் பழைய 3ஜி குச்சி மோடத்தோடு வந்தார். பல வருடமாகப் பெட்டியில் பத்திரமாக இருந்ததாம், இப்போது பேத்தியின் மடிக்கணினியில் போட்டால் லைன் வரவில்லை. 2021 இறுதியோடு நம் நாட்டில் 3ஜியை நிறுத்திவிட்டார்கள் ஐயா என்றேன். அப்படியானால் இது கெட்டுப்போகவில்லையே என்று கேட்டார். கெட்டுப்போகவில்லைதான்.