விதைப் பொட்டலத்தில் எழுதிய பரம்பரை

நெதர்லாந்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இங்கே ஆம்ஸ்டர்டாமில் கஞ்சா விதையைக் கடையில் வைத்து வெளிப்படையாகவே விற்கிறார்கள். 'வைட் விடோ' என்ற ரகத்துக்குத் தாய் பிரேசில், தந்தை தென்னிந்தியா என்று போட்டிருக்கிறது. கேரளா என்றே அடித்துச் சொல்பவர்களும் உண்டு. உண்மையாக இருக்குமா? சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா?"

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா வளர்ப்பதும் விற்பதும் குற்றம். அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. ஆனால் வாசகர் கேட்டிருப்பது அசல் தாவரவியல் கேள்வி. ஒரு செடியின் பெயரை அதன் விதை சுமந்து செல்லுமா என்பதுதான் அதன் சாரம்.

முதலில் கதை. வைட் விடோ 1990-களில் ஆம்ஸ்டர்டாமின் கிரீன் ஹவுஸ் என்ற கடை வழியாகப் புகழ்பெற்றது. 1995-இல் அங்கே நடந்த 'கன்னாபிஸ் கப்' போட்டியில் பரிசு வாங்கியது. யார் உருவாக்கியது என்பதில்தான் தகராறு. சாந்திபாபா என்ற பெயரில் அறியப்படும் ஆஸ்திரேலியர் "நான்தான்" என்கிறார். இங்கமார் என்ற டச்சுக்காரர் "இல்லை, நான்" என்கிறார். சாந்திபாபா அந்தக் கடையை விட்டு வெளியேறிய பிறகு, அதே ரகத்தை 'பிளாக் விடோ' என்று பெயர் மாற்றி விற்றார். இன்னொரு பக்கம் 'வைட் விடோ' என்ற பெயரில் ஏராளமான கம்பெனிகள் ஆளுக்கொரு விதையை விற்கின்றன.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. இன்றைய ரகங்களின் பாட்டன் பூட்டன்கள் 1960, 70-களில் காபூல், இமயமலை, மெக்ஸிகோ, கொலம்பியா, தாய்லாந்து என்று சுற்றிய பயணிகளின் பைகளில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்ச் சேர்ந்த விதைகள். யார் எதை எதோடு சேர்த்தார்கள் என்று யாரும் நோட்டுப் போட்டு எழுதவில்லை. எழுதினால் அதுவே போலீசுக்குச் சாட்சி! மிஞ்சியதெல்லாம் வாய்மொழி வரலாறு. அதை எழுதி வைத்தவர்களோ விதை விற்றவர்கள்.

இனி செடிக்கு வருவோம். கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தத்தைக் காற்று கொண்டு போகும். தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும் நெல், கோதுமை போலன்றி, இதில் ஒவ்வொரு விதையும் இரண்டு தனித்தனிச் செடிகளின் கலப்பு. ஆகவே மரபணு இடங்கள் பலவற்றில் அப்பா தந்த பிரதி ஒரு மாதிரியும் அம்மா தந்த பிரதி வேறு மாதிரியும் இருக்கும். மல்கோவா கொட்டையைப் புதைத்தால் மல்கோவா வராது, ஒட்டுக்கன்றுதான் வேண்டும் என்று எந்த நர்சரிக்காரரும் சொல்வார். அதே கதைதான் இங்கும். வளர்ப்பவர்கள் பிடித்த பெண் செடியைத் தாய்ச்செடியாக வைத்துக்கொண்டு, கிளைநுனியை வெட்டி வேர்விட வைப்பார்கள். அந்தக் குளோன் மட்டுமே அசல். விதை அசலின் பிள்ளை.

பிள்ளைகள் எப்படிச் சிதறும் என்பதற்கு எட்டியென் டி மெய்யர் குழு 2003-இல் ஜெனட்டிக்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு அழகான உதாரணம். போதை தரும் டிஎச்சி மிகுந்த வழியையும், போதை தராத சிபிடி மிகுந்த வழியையும் கலந்தார்கள். முதல் தலைமுறையில் எல்லாச் செடியிலும் இரண்டும் கலந்து இருந்தன. அடுத்த தலைமுறையில் கால் பங்கு டிஎச்சி, அரைப் பங்கு கலப்பு, கால் பங்கு சிபிடி. பள்ளியில் படித்த மெண்டலின் 1:2:1 அப்படியே.

இப்போது எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். விதை வியாபாரத்தின் பெரிய சிக்கல், விதைகளில் ஏறக்குறைய பாதி ஆணாக முளைக்கும் என்பது. விலைபோவது பெண் பூங்கொத்து மட்டும்தான். ஆகவே ஆண் செடியே வராத விதை வேண்டும். பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ், ஆணுக்கு எக்ஸ் ஒய் குரோமோசோம். ஒய்யே இல்லாத மகரந்தம் கிடைத்தால் பிறப்பதெல்லாம் பெண். ஆனால் மகரந்தம் தருவது ஆண் செடி, அதனிடம் ஒய் இருக்கிறதே? ஆக, பெண் செடியையே மகரந்தம் தர வைக்க வேண்டும்.

இங்கே உள்ளே வருகிறது எத்திலீன் வாயு. கோயம்பேட்டில் வாழைத்தாரைப் பழுக்க வைக்கும் அதே எத்திலீன்தான். கஞ்சாச் செடியில் பெண் பூ உருவாக இது துணை நிற்கிறது. செல்லுக்குள் எத்திலீனை உணர ஓர் ஏற்பிப் புரதம் உண்டு. அதன் மடிப்பில் ஒரு செம்பு அயனி உட்கார்ந்திருக்கும். எத்திலீன் வந்து ஒட்டுவது அந்தச் செம்பில்தான். இந்த ஏற்பி வேலை செய்யும் விதம் நாம் எதிர்பார்ப்பதற்கு நேர் எதிர். வாயு இல்லாதபோதுதான் அது ஓயாமல் "பொறு, பொறு" என்று செல்லை அடக்கிக்கொண்டே இருக்கும். எத்திலீன் வந்து ஒட்டியதும் வாயை மூடிக்கொள்ளும். அடக்குமுறை நீங்கி, எத்திலீனுக்கு உரிய வேலைகள் தொடங்கும்.

இப்போது செம்பின் இடத்தில் வெள்ளி அயனி போய் உட்கார்ந்தால்? எத்திலீன் வரும், வெள்ளியிலும் ஒட்டும். ஆனால் ஏற்பியின் வடிவம் மாற வேண்டிய விதத்தில் மாறாது. வாயு வந்து நிற்கும்போதே ஏற்பி "பொறு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் எத்திலீன் இருந்தும் செடிக்கு அது தெரியாது. விளைவு கண்ணால் பார்க்கக் கூடியது. பெண் செடியில் வழக்கமாகப் பூவுக்கு இரண்டு வெள்ளைச் சூல்முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். வெள்ளி பட்ட கிளையில் அவற்றுக்குப் பதிலாகத் தொங்கும் வெளிர்பச்சை மொட்டுகள் தோன்றி, ஐந்து இதழாக விரிந்து, ஐந்து மகரந்தத்தாள்களிலிருந்து மஞ்சள் தூளைக் கொட்டும். ஆண் பூ! ஆனால் அந்தச் செடியிடம் இருப்பது எக்ஸ் மட்டுமே. குரோமோசோமில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

வெள்ளி அயனி எத்திலீனின் வேலையைத் தடுக்கும் என்று 1976-இல் எல்மோ பேயர் காட்டியிருந்தார். கஞ்சாவின் பெண் செடியில் வெள்ளி நைட்ரேட்டும் வெள்ளி தயோசல்ஃபேட்டும் வளமான ஆண் பூக்களை உண்டாக்கும் என்று 1982-இல் எழுதியவர்கள் யார் தெரியுமா? டெல்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் எச். ஒய். மோகன் ராமும் அவருடைய சக ஆய்வாளர் ஆர். சேத்தும். ஜிப்பரெல்லின் ஹார்மோனைக் கொண்டு பெண் செடியில் ஆண் பூ வரவழைத்ததை மோகன் ராம் 1972-இலேயே வி. எஸ். ஜெய்ஸ்வாலுடன் சேர்ந்து வெளியிட்டிருந்தார். பூவின் பால் எப்படித் தீர்மானமாகிறது என்ற அடிப்படைக் கேள்விதான் அவர்களுக்கு. 1990-களில் டச்சு விதைக் கம்பெனிகள் 'பெண் விதை' என்று விற்கத் தொடங்கியதன் வேதியியல் இதுதான். "இதனால் என்ன பயன்?" என்று ஒவ்வோர் ஆய்வுத் திட்டத்தையும் பார்த்துக் கேட்கும் நிதிக் கமிட்டிகளின் சுவரில் இந்த 1982 கட்டுரையைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்பது என் ஆசை.

இந்த வெள்ளி வித்தைதான் அசல்–போலி குழப்பத்தையும் பெரிதாக்கியது. புகழ்பெற்ற குளோன் ஒன்றை எடுத்து, ஒரு கிளையில் ஆண் பூ வரவழைத்து, அந்த மகரந்தத்தை அதே செடியின் பெண் பூவில் தூவி விதை எடுக்கிறார்கள். தாயும் அதுவே, தந்தையும் அதுவே. ஆகவே பிள்ளையும் அசல்தானே என்று விளம்பரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தாய்ச்செடியில் இரண்டு பிரதிகளும் வேறுபடும் ஓர் இடத்தில், பிள்ளை தாயைப் போலவே இருக்க வாய்ப்பு சரிபாதி. ஒன்றையொன்று சாராத பத்து இடங்கள் என்றால் 1,024-இல் ஒன்று. இருபது இடங்கள் என்றால் 10,48,576-இல் ஒன்று. ஒரு பொட்டலத்தில் ஐந்தோ பத்தோ விதைதான். வாங்கியவருக்குக் கிடைப்பது தாயின் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்ட புதிய ஆட்டம். பெயர் மட்டும் பழையது. இதில் ஏமாற்று நோக்கம்கூட இருக்க வேண்டியதில்லை.

சரி, குளோனாவது மாறாமல் இருக்குமா? "குளோனுக்கு வயதாகிவிட்டது, வீரியம் போய்விட்டது" என்று வளர்ப்பவர்களிடையே நெடுநாள் பேச்சு உண்டு. நிலவைப் பார்த்து வெட்டாததுதான் காரணம் என்று சொல்பவர்கள்கூட இருக்கிறார்கள். செல் பிரியும்போது சிறு மாற்றங்கள் சேர்வது உண்மையே. ஆனால் கலிஃபோர்னியாவில் பிசின் சுரக்காமல் குறுகிப்போன செடிகளை ஆராய்ந்தபோது கிடைத்த குற்றவாளி, ஹாப் செடியில் ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு வைராய்டு. புரதமே இல்லாத, வெறும் 256 எழுத்துள்ள ஆர்என்ஏ வளையம். வெட்டும் கத்தியில் ஒட்டிக்கொண்டு ஒரு தாய்ச்செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்.

பெயர்களைச் சோதித்தவர்கள் கண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2015-இல் 81 போதைச் செடி மாதிரிகளையும், நாருக்காக வளர்க்கும் 43 செடி மாதிரிகளையும் டிஎன்ஏவின் 14,031 இடங்களில் ஒப்பிட்டது. ஒரே பெயருள்ள மாதிரிகளைச் சோடி சேர்த்துப் பார்த்ததில், 17-இல் 6 முறை அவை தம் பெயரைவிட வேறு பெயருள்ள செடிகளோடுதான் நெருக்கமாக இருந்தன. கடைகளில் கஞ்சாவை 'சட்டைவா', 'இண்டிகா' என்று இரு வம்சமாகப் பிரிப்பார்கள். முழு 'சட்டைவா' என்று சொல்லப்பட்ட ஜமைக்காவின் 'லாம்ப்ஸ் பிரெட்', ஆப்கானிஸ்தானின் முழு 'இண்டிகா' ஒன்றோடு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 2019-இல் வடக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தினர், அமெரிக்காவில் சட்டபூர்வமான கடைகளில் வாங்கிய 30 பெயர்களுக்கான 122 மாதிரிகளைச் சோதித்தார்கள். பல பெயர்களில், அதே பெயருள்ள மற்றவற்றோடு மரபணுவில் ஒத்துப்போகாத மாதிரி ஒன்றாவது இருந்தது.

கேரளத் தந்தை விஷயத்தில் டிஎன்ஏ எவ்வளவு தூரம் உதவும்? "இந்தப் பொட்டலமும் அந்தப் பழைய குளோனும் ஒன்றல்ல" என்று திட்டவட்டமாகச் சொல்லும். தந்தை யார் என்று சொல்ல அந்தத் தந்தைச் செடி வேண்டும். அது கிடையாது. கதைப்படியே அது ஒரு கலப்பினம் வேறு. இன்றைக்கு இடுக்கி மலையில் ஓர் இலையைப் பறித்து ஒப்பிடலாம் என்றால், வெளிநாட்டு விதை திரும்பி வந்து காற்றில் கலந்திருக்கலாம். வட்டார வம்சத்தை ஊகிக்க அந்தந்த ஊர் நாட்டு ரகங்களின் மரபணுத் தொகுப்பு கையில் இருக்க வேண்டும். 2021-இல் லோசான் பல்கலைக்கழகம் தலைமையிலான குழு 110 முழு மரபணுத்தொகுப்புகளை ஒப்பிட்டு, இந்தச் செடி கிழக்கு ஆசியாவில் சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் பயிரானது என்று சொல்ல முடிந்தது அப்படித்தான். நம் மலைகளில் பிடிபடும் செடிகளைக் குவித்து எரிக்கிறோம். எரிப்பதற்கு முன் ஓர் இலையை உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்ப என்ன செலவாகிவிடும்? 'சிவமூலிகை', 'சித்தர் ரகசியம்' என்று கதை அளப்பவர்களுக்கும் அந்த இலை பதில் சொல்லும். ஆக, வாசகருக்கு என் பதில்: கேரளக் கதை நடந்திருக்கக் கூடியதே, நிரூபிக்கப்படவில்லை, பொட்டலத்தைச் சான்றாக எடுக்காதீர்கள்.

'இண்டிகா' என்றால் தூக்கம், 'சட்டைவா' என்றால் சுறுசுறுப்பு என்ற வகைப்பாடும் இதே ரகம்தான். பிரெஞ்சு உயிரியலாளர் லமார்க் 1785-இல் இண்டிகா என்று பெயரிட்டது, புதுச்சேரியில் சில காலம் இருந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா இந்தியாவிலிருந்து கொண்டுவந்த ஒடுங்கிய இலைச் செடிக்கு. 1970-களில் அமெரிக்கத் தாவரவியலாளர் ரிச்சர்ட் எவன்ஸ் ஷுல்ட்ஸ் ஆப்கானிஸ்தானின் குட்டையான, அகல இலைச் செடியை அதே பெயரால் குறித்தார். வியாபாரம் பின்னதைப் பிடித்துக்கொண்டது. லமார்க்கின் செடியை இன்றைய கடைக்காரரிடம் காட்டினால் சட்டைவா என்பார்.

2021-இல் நேச்சர் பிளான்ட்ஸ் இதழில் வந்த ஆய்வு, 297 மாதிரிகளில் இந்த முத்திரைகளைத் தேடியது. மொத்த மரபணுத்தொகுப்பில் இரண்டுக்கும் தெளிவான பிரிவு இல்லை. முத்திரையோடு ஒத்துப்போனவை, வாசனை தரும் டெர்பீன்களை உண்டாக்கும் சில மரபணுக்கள் மட்டுமே. மிர்சீன் போன்ற மண்வாசனைப் பொருள் மிகுந்தவை இண்டிகா என்றும், தேயிலை, பழ வாசனையுள்ளவை சட்டைவா என்றும் முத்திரை பெற்றிருந்தன. மூக்கால் பிரித்துவிட்டு, வம்சத்தால் பிரித்ததாக எழுதியிருக்கிறார்கள். வம்சப் பெயரை விட்டுவிட்டு டெர்பீன் அளவையே அச்சிடலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் யோசனை. நெதர்லாந்தில் 2003 முதல் மருத்துவர் சீட்டுக்கு மருந்துக்கடை தரும் கஞ்சா ஓரளவு இந்த வழியில்தான் போகிறது: விதையிலிருந்து வளர்க்காமல் குளோனிலிருந்து வளர்க்கிறார்கள், டப்பாவின் மேல் டிஎச்சி இவ்வளவு சதவீதம், சிபிடி இவ்வளவு என்று போடுகிறார்கள்.