அனஸ்தீசியா: மயக்கமா, மரப்பா?

பாம்பனில் எங்கள் அத்தைக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று முடிவானதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மயக்கம் குடுத்தா திரும்ப முழிப்பேனாய்யா?" கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் பேச்சில் மயக்கம் என்றால் வெயிலில் சுருண்டு விழுவது, சர்க்கரை இறங்கிக் கண் இருட்டுவது; அதை ஒருவர் வேண்டுமென்றே கொடுக்கப்போகிறார் என்றால் பயம் வராதா?

இந்த மயக்கத்துக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் அனஸ்தீசியா, அது கிரேக்கச் சொல். 'ஐஸ்தேசிஸ்' என்றால் உணர்வு, முன்னால் நிற்கும் 'அன்' இல்லாமையைக் குறிப்பது (அநேகம், அனாவசியம் என்கிற வடசொற்களில் வரும் அதே உறவுக்காரர்தான்). 1846இல் பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் என்ற திரவத்தின் ஆவியை முகரவைக்க, வாரன் என்ற அறுவை மருத்துவர் கழுத்துக் கட்டி அறுவையைப் பலர் முன்னால் நடத்திக் காட்டினார். அந்த நிலைக்கு இந்தப் பழைய சொல்லைப் பரிந்துரைத்தவர் ஹோம்ஸ் என்ற மருத்துவர்.

தமிழில் 'மயங்கு' என்பதற்குக் கலத்தல் என்றும் பழைய பொருள் உண்டு. மெய்யெழுத்துகள் அடுத்தடுத்துச் சேர்ந்து வருவதை இலக்கணம் மெய்ம்மயக்கம் என்கிறது, அங்கே யாரும் விழுவதில்லை. அறிவு கலங்கித் தெளிவிழப்பதும் மயக்கம்தான். அதனால் ஆளையே தூங்கவைக்கும் முறைக்கு மயக்க மருந்து என்பது பொருந்துகிறது. ஆனால் அத்தைக்குக் கொடுத்தது முதுகுத்தண்டு ஊசி. இடுப்புக்குக் கீழே மட்டும் உணர்வு போகும், ஆள் விழித்தே இருப்பார். அதையும் 'மயக்கம்' என்றதுதான் சிக்கல். விடிகாலையில் ஐஸ் பெட்டியில் கைவிட்டு மீன் அள்ளுகிறவருக்கு விரல் மரத்துப்போகிறதே, அந்த மரத்தல்தான் இங்கே சரியான சொல். மரப்பு ஊசி என்றேன், அத்தைக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல 'உணர்வகற்றல்' இருக்கிறது, கட்டுரைக்கு நல்ல சொல், ஆனால் வார்டில் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சரி, ஆபத்தே இல்லையா? உண்டு. முழு மயக்கத்தில் இருமும் அனிச்சைச் செயலும் அடங்கிவிடும், அப்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே வினை. அதனால்தான் பெரியவர்களுக்குப் பொதுவாகத் திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தப்படும், கறி, எண்ணெய்ப் பலகாரம் என்றால் 8, வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. மரப்பு ஊசிக்கும் இந்தப் பட்டினி உண்டு, இடையில் முழு மயக்கத்துக்கு மாற நேரலாம். பீடி, குடி, ரத்தம் உறையாமலிருக்கத் தின்னும் மாத்திரை, ஆடும் பல், எதையும் மறைக்காதீர்கள். மயக்கவியல் டாக்டர் முந்தின நாள் வந்து பேசும்போது கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாலே பாதிப் பதற்றம் இறங்கிவிடும்.

பூனைக்கும் அதே கதை. எங்கள் பூனையின் கருத்தடை நாளில், பாவம் பசிக்குமே என்று நான் காலையிலேயே ஒரு சூடை மீனைப் போட்டுவிட்டேன். கால்நடை டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார், திட்டு தனி. நாய், பூனைக்கும் பட்டினி வேண்டும், ஆனால் முயல் வாந்தி எடுக்காது, அதைப் பட்டினி போடுவதுதான் ஆபத்து. பக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே குறுகல், கூடுதல் கவனம் வேண்டும். அமைதியாக இருக்கட்டும் என்று வீட்டு மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

அடுத்த தடவை பூனையைக் கொண்டுபோகும் கூடையை இரண்டு நாள் முன்பே வீட்டில் திறந்து வைத்தோம், உள்ளே அத்தையின் பழைய சேலை. பூனை தானாகவே போய்ப் படுத்துக்கொண்டது, ஆட்டோவில் கூடையை மூடித் துணி போர்த்தியதும் கத்தவுமில்லை. திரும்பி வந்தபோது குடிகாரன் மாதிரித் தள்ளாடியது, மதில் ஏறாமல் அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். அத்தைதான் பக்கத்தில் உட்கார்ந்து, "இதுக்குக் குடுத்தது மயக்கமா, மரப்பாய்யா?" என்றார்.